ஃப்ளோரிண்டாவின் மோதிரம்

ரெஸ்டோரேஷன் நகைச்சுவை என்றால் சாதுரியமான பேச்சு, முகமூடி, கள்ளக்காதல், கடைசியில் கல்யாணம். ஆங்கில இலக்கிய மாணவிகள் தேர்வுக்குப் படிக்கும் வரையறை இதுதான். அஃப்ரா பென் எழுதிய ‘தி ரோவர்’ நாடகத்தை இந்த வரையறையோடு வாசித்தால் மூன்று இடங்களில் இடறும். மூன்றிலும் ஃப்ளோரிண்டா என்ற பெண் வல்லுறவின் விளிம்பில் நிற்கிறாள். மூன்றையும் பிரதி நகைச்சுவையின் வேகத்திலேயே கடந்து போகிறது.

1677இல் லண்டனில் டியூக் நாடகக் குழு இதை மேடையேற்றியது. ஆங்கிலேயப் பொது அரங்கில் தொழில்முறை நடிகைகள் வந்து அப்போது 17 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முன் டெஸ்டிமோனாவும் லேடி மக்பெத்தும் பையன்கள் போட்ட வேஷங்கள். கதை தாமஸ் கில்லிக்ரூவின் ‘தோமாசோ’விலிருந்து வந்தது. திருட்டு என்று பேச்சு எழுந்தபோது பென் பின்னுரை எழுதிக் கேலியாகப் பதில் சொன்னார். (எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்து எழுதிய காலம் அது.)

நேப்பிள்ஸில் கார்னிவல். நாடு இழந்த ஆங்கிலேய வீரர்கள் ஊருக்குள் திரிகிறார்கள். இரவில் தோட்டத்தில் காதலன் பெல்வில்லுக்காகக் காத்திருக்கிறாள் ஃப்ளோரிண்டா. குடித்துவிட்டு உள்ளே நுழையும் வில்மோர் அவளைப் பிடிக்கிறான். கதவு திறந்திருந்ததே என்று அவளிடமே வாதாடுகிறான். பிறகு பெல்வில் அவனைத் திட்டுகிறான். அந்தத் திட்டைக் கவனித்துப் படிக்க வேண்டும். செய்தது தவறு என்பதல்ல அவன் வருத்தம். முகத்தைப் பார்த்தாலே மதிப்பான பெண் என்று தெரியவில்லையா என்பதுதான்.

அடுத்தது ப்ளன்ட்டின் அறை. ஒரு பெண்ணிடம் ஏமாந்து, உடையையும் பணத்தையும் பறிகொடுத்து, சாக்கடை வழியாக ஊர்ந்து வெளியே வந்தவன் இவன். உள்ளாடையோடு உட்கார்ந்திருக்கிறான். பார்த்ததும் அரங்கு சிரிக்கும். சிரிக்கத்தான் அப்படி உட்கார வைத்திருக்கிறார் பென். அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஃப்ளோரிண்டா அடைக்கலம் தேடி ஓடிவருகிறாள். எல்லாப் பெண்கள்மீதும் உள்ள கோபத்தை இவள் உடம்பில் தீர்க்கப்போவதாக மிரட்டுகிறான். ஃப்ரெடெரிக்கும் சேர்ந்துகொள்கிறான். அவளைக் காப்பாற்றுவது கெஞ்சலோ கண்ணீரோ அல்ல, விரலிலிருந்து கழற்றித் தரும் வைர மோதிரம். வேசி என்று நினைத்து ஒரு பெரிய வீட்டுப் பெண்ணைத் தொட்டுவிட்டால் தூக்கில் தொங்க வேண்டியிருக்குமே என்று ஃப்ரெடெரிக் தயங்குகிறான். மோதிரம் இல்லாத ஒருத்தி அந்தக் கதவைத் தட்டியிருந்தால்? இந்தக் கேள்வியை பென் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் கேட்க வைக்கும் சாமானைக் கையில் கொடுத்துவிடுகிறார். மூன்றாவது முறை, யாருடைய வாள் நீளமோ அவனுக்கே அவள் என்று முடிவாகிறது. நீளமான வாள் வைத்திருப்பவன் அவள் சொந்த அண்ணன் பெட்ரோ.

அதே நாடகத்தில் ஏஞ்சலிக்கா பியாங்கா தன் படத்தை வாசலில் மாட்டி, மாதம் 1000 கிரௌன் என்று விலை வைக்கிறாள். விலையை வில்மோர் பழிக்கும்போது, மணப்பெண்ணுக்கு எவ்வளவு சொத்து என்று விசாரிக்கும் ஆண்கள் செய்வதும் இதே வியாபாரம்தான் என்கிறாள். வரதட்சணைப் பேச்சு கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை. கடைசியில் துப்பாக்கியோடு வரும் அவளுக்கு நாடகத்தில் இடமில்லை; தனியாக வெளியேறுகிறாள். ஜோடிகளின் மகிழ்ச்சியைவிட அந்த வெளியேற்றமே என்னைத் தொந்தரவு செய்கிறது.

இதை மேடைக்குக் கொண்டுவரும்போது வாசிப்பு மட்டும் போதாது. 1986இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக ஜான் பார்ட்டன் பிரதியை வெட்டி, கில்லிக்ரூவின் மூலத்திலிருந்தும் சிலவற்றைச் சேர்த்தார். பிரதி தொடக்கூடாத புனிதம் அல்ல, சரி. ஆனால் ப்ளன்ட்டின் மிரட்டலை வேகமாக ஓட்டிச் சிரிப்பைக் காப்பாற்றும் இயக்குநர் பென்னைக் காப்பாற்றுவதில்லை. ஃப்ளோரிண்டா எவ்வளவு தூரம் பின்வாங்குகிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள், இறுதிக் காட்சியில் தன்னைத் தாக்கியவர்களோடு ஒரே அறையில் எங்கே நிற்கிறாள் என்பதையெல்லாம் பிரதி சொல்வதில்லை. அவள் மன்னிப்பு சில சொற்களிலேயே முடிந்துவிடுகிறது. அந்தச் சொற்களை யாருடைய முகத்தைப் பார்த்துச் சொல்வது என்பதை ஒவ்வொரு நடிகையும் ஒத்திகையில் முடிவு செய்தாக வேண்டும்.

வில்மோரை மணக்க ஒப்புக்கொண்ட ஹெலெனா, 1681இல் வந்த இரண்டாம் பாகம் தொடங்கும்போதே இறந்துவிட்டாள். அவன் மறுபடி ஊர்சுற்றப் புறப்பட்டிருக்கிறான்.