எவர் கை?

பழைய ஆங்கிலப் பீங்கான் தட்டு ஒன்று கிடைத்ததும் சேகரிப்பாளர்கள் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். அடிப்புறத்தில் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும்: வெட்ஜ்வுட், ஸ்போட், மின்டன். எல்லாம் முதலாளிகளின் குடும்பப் பெயர்கள். தட்டின் காலத்தையும் விலையையும் பெரிதும் அந்த முத்திரையே தீர்மானிக்கிறது. சேகரிப்பும் ஒருவகை வாசிப்பு என்று கொண்டால், இது ஆசிரியர் பெயரோடு நின்றுவிடும் வாசிப்பு.

முத்திரைக்குப் பக்கத்தில் சில தட்டுகளில் தூரிகையால் இட்ட ஒரு புள்ளியோ கோடோ எண்ணோ தென்படும். வண்ணம் தீட்டியவர் இட்ட குறி அது. அதைக் கையொப்பம் என்று சொல்ல முடியாது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தந்ததால், எத்தனை முடித்தார் என எண்ணுவதற்கான அடையாளம். ஸ்டாஃபோர்ட்ஷயர் தொழிற்சாலைகளில் அப்படித் தீட்டியவர்களில் ஏராளமானோர் பெண்கள். வரையும்போது கையை ஊன்றிக்கொள்ளும் தாங்கியைப் பெண்கள் பயன்படுத்தக் கூடாது என்று ஆண் ஓவியர்கள் தடுத்த காலமும் உண்டு. கருவியைப் பறித்துக்கொண்டு திறமையை அளக்கும் வழக்கம் நமக்கும் புதிதல்ல.

நீலமும் வெள்ளையுமான தட்டுகளை எடுத்துக்கொள்வோம். செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தை மெல்லிய தாளில் அச்செடுப்பார்கள். அந்தத் தாளைத் தட்டின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டி, ஒட்டி, தூரிகையால் அழுத்தித் தேய்த்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். தட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தால், கொடியும் பூவும் ஓரிடத்தில் சரியாகச் சேராமல் வெட்டுப்பட்டிருக்கும். தாளின் இரு முனைகளும் சந்தித்த இடம் அது.

இந்தத் தட்டுகளின் பளபளப்புக்கும் ஒரு விலை இருந்தது. மேற்பூச்சில் ஈயம் கலந்திருந்தது. பூச்சில் முக்கி உலர்ந்த பாத்திரங்களில் மிகுந்திருந்ததைச் சுரண்டிச் சுத்தம் செய்த பெண்கள் அந்தத் தூசியைச் சுவாசித்தார்கள். மணிக்கட்டு செயலிழந்தது, பார்வை போனது, கரு கலைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது பொதுவிவாதமானபோது, ஈயத்தை விலக்குவதா பெண்களை வேலையிலிருந்து விலக்குவதா என்றும் கேட்டார்கள்.

சேகரித்தவர் பெண்ணாக இருந்தால் என்ன ஆகும்? சார்லட் ஷ்ரைபர் ஐரோப்பிய நகரங்களில் அலைந்து பீங்கான்களைத் தேடிச் சேர்த்தவர், அந்தத் தேடலை நாட்குறிப்பாக எழுதியவர். 1884இல் கணவர் இறந்ததும், அவர் நினைவாகத் தம் ஆங்கிலப் பீங்கான் சேகரிப்பை லண்டனின் தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அது. மகன் தொகுத்த அவருடைய நாட்குறிப்பு 1911இல் அச்சானது. கணவரின் நினைவு, மகனின் தொகுப்பு என்ற வழியாகவேனும் அவர் குரல் நமக்குக் கிடைக்கிறது. பணமும் ஓய்வும் தாளும் அவரிடம் இருந்தன. தட்டைத் தீட்டியவளுக்குக் கிடைத்தது ஒரு புள்ளி வைக்கும் இடம்.

1927இல் கிளாரிஸ் கிளிஃபின் 'பிசார்' வரிசை வந்தது. பதின்மூன்று வயதில் பீங்கான் வேலைக்கு வந்த ஒரு தொழிலாளர் வீட்டுப் பெண்ணின் பெயர் முத்திரையில் ஏறியது. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் அவருடைய வடிவமைப்புகளைத் தட்டுகளில் தீட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 'கையால் தீட்டப்பட்டது' என்கிறது முத்திரை. எவர் கை என்று சொல்வதில்லை. ஒரு பெண்ணின் பெயர் வந்துவிட்டதே என்று நாம் அங்கேயே நின்றுவிட்டால், முதலாளியின் முத்திரை செய்த வேலையையே நாமும் செய்கிறோம்.

செரில் பக்லி 1990இல் வெளியிட்ட 'பாட்டர்ஸ் அண்ட் பெயின்ட்ரஸஸ்' இந்தத் தொழிலின் வரலாற்றைப் பெண் வடிவமைப்பாளர்கள் பக்கம் திருப்பிய நூல். சேகரிப்பவர்களும் அந்தப் பக்கம் திரும்பலாம். பழந்தட்டுகளை வாங்குவதை நிறுத்த வேண்டியதில்லை. விளிம்பில் சேராமல் போன கொடியைக் குறையென்று சொல்லி விலையைக் குறைக்கும் முன், அந்தத் தாளை ஒட்டியவளுக்கு அன்று எத்தனை தட்டுக்கு எவ்வளவு கூலி என்று கேட்கலாம். அருங்காட்சியகத்தின் விளக்க அட்டையிலும் அந்தக் கேள்விக்கு ஒரு வரி இடம் கேட்கலாம்.