சராசரியின் வன்முறை: ஓர் ஆயில் பேஸ்டல் கண்காட்சியும் மூன்று நடுவர்களும்

ஓவியக் கண்காட்சிகள் பற்றித் தமிழில் எழுதப்படுபவை அநேகமாக எல்லாமே சுவரில் மாட்டப்பட்ட படங்களைப் பற்றியவை. திருப்பியனுப்பப்பட்ட படங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஒரு கண்காட்சியின் அழகியலைத் தீர்மானிப்பது சுவர் அல்ல. இரண்டு வாரம் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் அறை. அந்த மூவரில் ஒருவனாக நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதால்தான் இதை எழுத முடிகிறது. மாவட்டத் தலைநகர் ஒன்றில், ஆயில் பேஸ்டல் ஓவியங்களுக்கு மட்டுமென நடந்த கண்காட்சி அது. நடத்தியவர்களின் பெயர் இங்கே முக்கியமில்லை. வேறு யார் நடத்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் இந்தக் குச்சியைப் பற்றி. எண்ணெய் வண்ணம் என்றால் மரியாதை. நீர்வண்ணம் என்றால் கொஞ்சம் மரியாதை. ஆயில் பேஸ்டல் என்றால் 'ஸ்கூல் பசங்க சமாச்சாரம்'. வண்ணங்களுக்குள்ளும் ஒரு வருண அடுக்கு இருக்கத்தான் செய்கிறது. நிறமி, மெழுகு, உலராத எண்ணெய் - இவ்வளவுதான் இதன் சேர்மானம். எண்ணெய் வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகிவிடும். இது முழுசாக இறுகுவதேயில்லை. வருஷம் போய்த் தொட்டாலும் விரலில் ஒட்டும். 1925இல் ஜப்பானின் சகுரா கம்பெனி 'க்ரே-பாஸ்' என்று இதைக் கொண்டுவந்ததன் பின்னணியில் இருந்தது, ஓவியர் யமமோட்டோ கனாயே 1919இல் தொடங்கிய குழந்தைகளின் சுதந்திர ஓவிய இயக்கம். பாடப்புத்தகத்து மாதிரிப் படத்தை அப்படியே பார்த்து வரையவைக்கும் பள்ளிக்கூட முறையை எதிர்த்துக் கிளம்பிய இயக்கம் அது. 1949இல் பாரிஸில் செனெலியே, பிக்காசோ போன்றவர்களுக்காக இதை ஓவியர் தரத்தில் தயாரித்தார். ஆக, காப்பியடிப்பதற்கு எதிரான ஒரு சூழலில் பிறந்த சாதனம். நம்மிடம் அது எதற்குப் பயன்படுகிறது? புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாகக் காப்பியடிப்பதற்கு.

வந்திருந்த 200க்கும் மேற்பட்ட படங்களில் பாட்டிகளை மட்டும் தனியாகப் பிரித்தால் ஒரு கிராமத்தையே குடிவைக்கலாம். சுருக்கம் விழுந்த முகம், தொங்கும் பாம்படம், ரவிக்கையில்லாத தோள், வெற்றிலைச் சிரிப்பு. தலைப்பு 'முதுமை' அல்லது 'மண்வாசனை'. டிஷ்யூ பேப்பரால் தேய்த்துத் தேய்த்துக் குச்சி பட்ட தடமே தெரியாமல் செய்திருப்பார்கள். 'என்னா ஃபினிஷிங் சார்!' என்றார் சக நடுவர். எனக்கு என்ன பிரச்சினை என்றால், இந்தப் பாட்டிக்குப் பேர் கிடையாது, ஊர் கிடையாது, அவள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்பது கிடையாது. அவளுடைய ஒவ்வொரு சுருக்கமும் வரைந்தவரின் திறமைக்கான சான்றிதழாக மாற்றப்பட்டுவிட்டது. வெயிலில் வேலை செய்து வந்த சுருக்கம் என்பதை மறைத்து, அதை வெறும் 'டெக்ஸ்ச்ச'ராக்கும் இந்த வேலையில் இரண்டு உழைப்புகள் அழிக்கப்படுகின்றன: அவளுடையது ஒன்று, குச்சி பிடித்த கையினுடையது இன்னொன்று. இதை யதார்த்தவாதம் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. (பாட்டிக்கு அடுத்தபடி அதிகம் வந்தது ஊதா வானம், நிலா, ஓரத்தில் டேப் ஒட்டிப் பிரித்த வெள்ளைக்கரை. யூடியூபில் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.)

இவற்றுக்கு நடுவே ஒரு படம் வந்தது. பெயர் தெரியாது, எண் மட்டும்தான். தலைப்பு 'இரவு 9 மணி'. சாம்பல்நிற அட்டையில் ஓர் அரசு மாணவர் விடுதியின் நீண்ட தாழ்வாரம். ஆட்கள் யாருமில்லை. சுவரோரம் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டும் வேறு வேறு. அட்டை முழுக்க மஞ்சளும் வெள்ளையும் அழுத்திப் பூசி, அதன்மேல் கறுப்பை மொத்தமாக அப்பி, பிறகு பிளேடால் சுரண்டியிருக்கிறார். வெளிச்சம் என்பது இங்கே பூசப்பட்டதல்ல. இருட்டைச் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுக்கப்பட்டது. சில இடங்களில் பிளேடு அட்டையையே கிழித்திருக்கிறது. மேல் ஓரத்தில் பெயர்ப்பலகை பாதியில் வெட்டுப்படுகிறது. தெரிவது 'ஆதி' என்ற இரண்டு எழுத்து மட்டும். அந்த இரண்டு எழுத்தோடு படத்தை மறுபடியும் பார்க்கும்போது, யாருமில்லாத அந்தத் தாழ்வாரம் யாருடையது, எதற்காக இத்தனை பூட்டுகள் என்பதெல்லாம் வேறு மாதிரி வாசிக்கக் கிடைக்கிறது. இந்தச் சாதனத்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று இது. உலர்ந்து இறுகிய வண்ணத்தை இப்படிச் சுரண்ட முடியாது.

நான் 10க்கு 9 கொடுத்தேன். மற்ற இருவரும் 3, 4. 'முடிக்காத மாதிரி இருக்கே', 'வலது மூலையில கறை இருக்கு பாருங்க' என்றார்கள். கூட்டுத்தொகை 16. நுழைவுக்கு வேண்டியது 17. யாரும் ரசிக்காத, யாரும் வெறுக்காத ஒரு ஊதா வானத்துக்கு 6, 6, 6 விழும். 18 வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சராசரி எடுப்பதுதான் நடுநிலை என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. உண்மையில் அது சண்டை மூட்டும் படங்களை மட்டும் பொறுக்கியெடுத்து வெளியே தள்ளும் சல்லடை. மூன்று பேரில் யாரும் அந்த விடுதிப் படத்தை வெளியேற்றுவோம் என்று வாய்திறந்து சொல்லவில்லை. கூட்டல் கணக்கு சொல்லிவிட்டது. அதிகாரம் இப்போதெல்லாம் இப்படித்தான் பேசுகிறது: யாரும் பேசாமலேயே.

அந்தக் கறைக்கு வருகிறேன். விதிப்படி படம் மவுண்ட் வைத்துக் கண்ணாடிச் சட்டகத்தில் வரவேண்டும். இது பட்டர் பேப்பர் சுற்றி வந்தது. உலராத வண்ணம், பஸ்ஸில் வந்திருக்கும், உராய்ந்திருக்கிறது. சட்டகம் போட ஆகும் செலவு பேஸ்டல் பெட்டியின் விலையைவிடப் பல மடங்கு. நடுவர்களிடமிருந்து பெயரை மறைத்தார்கள்; சட்டகத்தை மறைக்கவில்லை. ஒரு படத்தின் வர்க்கத்தை அறையின் அந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடலாம். ரசனை பிறவிக் குணமல்ல, வர்க்கம் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும் வழி என்று பியர் பூர்தியு 1979இல் ஒரு தடித்த நூலே எழுதினார். இங்கே அந்த நூல்கூட வேண்டாம், ஒரு கண்ணாடித் துண்டு போதும். தமிழில் ஓவியத்தைத் 'தீட்டு'கிறோம். அதே சொல்தான் விலக்கி வைப்பதற்கும் இருக்கிறது. கறையைக் காட்டி ஒரு படத்தைத் தள்ளியபோது இந்த இரண்டு அர்த்தமும் ஒரே மேஜையில் கிடந்ததைப் பார்த்தேன்.

அப்படியானால் நடுவர் குழுவே வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது சுலபமான பதில். 1884இல் பாரிஸில் சுயேச்சை ஓவியர்கள் நடுவரும் இல்லை, பரிசும் இல்லை என்று அறிவித்துக் கண்காட்சி தொடங்கினார்கள். 1917இல் நியூயார்க்கில் அதே கொள்கையோடு ஒரு சங்கம்; 6 டாலர் கட்டினால் எதையும் வைக்கலாம். மார்செல் துஷாம்ப் 'ஆர். மட்' என்ற பெயரில் ஒரு சிறுநீர்க் கோப்பையை அனுப்பினார். நடுவரே இல்லாத அந்தச் சங்கம் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தது. குழு உறுப்பினராக இருந்த துஷாம்ப் விலகினார். நடுவர் இல்லை என்பவர்களிடமும் நடுவர் ஒளிந்திருக்கிறார். ஒளிந்திருப்பவரைவிட எதிரே உட்கார்ந்திருப்பவர் பரவாயில்லை, சண்டையாவது போடலாம்.

நான் கேட்டது மூன்று. ஒவ்வொரு நடுவரும் மற்றவர்கள் சம்மதமில்லாமலே ஒரு படத்தை உள்ளே கொண்டுவரும் உரிமை. தள்ளப்படும் படத்துக்கு எழுத்தில் ஒரு வரிக் காரணம். முடிந்தால் தள்ளப்பட்டவற்றுக்குப் பக்கத்து அறையில் ஓர் இடம். மூன்றாவது புதிதல்ல. 1863இல் பாரிஸ் சலோன் நிராகரித்த படங்களுக்கு மூன்றாம் நெப்போலியனே தனி இடம் ஒதுக்கச் சொன்னான். மானேயின் 'புல்வெளியில் மதிய உணவு' அங்கேதான் தொங்கியது. ஜனங்கள் வந்து சிரித்தார்கள். சிரிப்பதற்காகவாவது பார்த்தார்கள். ஒரு பேரரசன் கொடுத்ததைக்கூட நம்மூர் அமைப்பாளர்களால் கொடுக்க முடியவில்லை. 'இடமில்ல சார்' என்றார்கள். என் மாறுபட்ட கருத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொன்னதற்கு, 'அதெல்லாம் எதுக்கு சார், நமக்குள்ள' என்றார்கள். முதல் பரிசு ஒரு பாட்டிக்குப் போனது.

'இரவு 9 மணி' திருப்பியனுப்பப்பட்டது. காரணம் கேட்டு ஓவியர் கடிதம் எழுதியதாகவும், 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்ற விதியைப் பதிலாக அனுப்பியதாகவும் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நடுவர்களில் ஒருவனான என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னுடைய 9க்கான காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன். மற்ற இருவரும் 3க்கும் 4க்குமான காரணத்தை இதே பக்கங்களில் எழுதட்டும். பாட்டிக்குக் கொடுத்ததற்கும் சேர்த்து.