மீண்டவரின் இறந்தகாலம்: மனநோய்ச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

பெங்களூரில் 1847இல் தோன்றிய பைத்தியக்கார விடுதி, 1925இல் மனநோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. 1954இல் அதன் துணையோடு அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1974இல் இரண்டும் இணைந்து, இன்று நிம்ஹான்ஸ் என்று அறியப்படும் தேசிய நிறுவனமாயின. பெயர் மாறுந்தோறும் மதிப்புக் கூடியது என்பதில் ஐயமில்லை. எனினும் பேச்சுவழக்கு அந்தச் சுருக்கப்பெயரையே நோயின் பெயராக்கிவிட்டது. சென்னையில் கீழ்ப்பாக்கத்துக்கு நேர்ந்ததும் இதுவே. ஆகவே பெயர்ச்சொல்லை மாற்றினால் இழிவு நீங்கும் என்ற நம்பிக்கை முழுமையானதன்று. நோயிலிருந்து மீண்ட ஒருவர் தம் பழைய நாட்களைத் தாமே சொல்ல முற்படும்போது, தமிழ் அவருக்கு எத்தகைய வாக்கியங்களைத் தருகிறது, மொழிபெயர்ப்பு அவற்றுள் எவற்றைப் பறித்துவிடுகிறது என்பதே நோக்கத்தக்கது.

‘அவனுக்குப் பைத்தியம் பிடித்தது’ என்பது தமிழ். ‘அவனிகெ ஹுச்சு ஹிடியித்து’ என்பது கன்னடம். இரண்டிலும் ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான், நோய் எழுவாயாகிறது. சொல் கொச்சையானது, வாக்கிய அமைப்போ இரக்கமுடையது. பிடித்தது விடவும் கூடும். ‘சித்தம் தெளிந்தது’ என்று அடுத்த வாக்கியம் இயல்பாகத் தொடர முடிகிறது. இதற்கு மாறாக, நாகரிகமான ‘மனநோயாளி’ என்னும் சொல்லில் காலமே இல்லை. பழியை ‘ஆளி’ என்னும் விகுதியின்மேல் சுமத்துவதற்கில்லை. கடன் அடைத்தவர் கடனாளி அல்லர். காய்ச்சல் தணிந்தவரை எவரும் நோயாளி என்பதில்லை. மனநோய்க்கு மட்டும் வழக்கு இவ்விடுதலையைத் தர மறுக்கிறது. ‘குணமடைந்த மனநோயாளி’ என்ற தொடர் செய்திகளில் முரண் உணரப்படாமலே ஆளப்படுகிறது. ‘முன்னாள் மனநோயாளி’ என்பதோ, நோயை ஒரு பதவியாக்கிவிடுகிறது.

சட்டமொழியின் போக்கு இங்கு ஒப்பிடத்தக்கது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் ‘லூனட்டிக்’ என்றது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் ‘மென்டலி இல் பெர்சன்’ என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘பெர்சன் வித் மென்டல் இல்னஸ்’ என, முதலில் ஆளையும் பின்னர் நோயையும் வைத்தது. இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டுமே கொண்டு அவருடைய இன்றைய நிலையையோ நாளைய நிலையையோ முடிவு செய்யலாகாது என்கிறது. இது காலம் பற்றிய விதி. இம்மூன்று ஆங்கில வழக்குகளையும் ‘மனநோயாளி’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்தால் ஒரு நூற்றாண்டின் மாற்றம் மறைந்துபோகும். ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்பது வடிவத்தில் இறந்தகாலம், பொருளில் நிகழ்நிலை. ஊறு நிகழ்ந்தது, இன்னும் நீடிக்கிறது என்றே அது கொள்ளப்படுகிறது. நீங்கிவிட்டதைச் சுட்ட, ‘பாதிக்கப்பட்டிருந்தவர்’ என்ற வடிவம் தமிழில் உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் அதை நாடுவது அரிது.

ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு வழங்கும் ‘மனச்சிதைவு’ இன்னும் கடுமையானது. சிதைந்தது மீண்டும் கூடும் என்று தமிழர் எதிர்பார்ப்பதில்லை; கோட்டைக்கும் சிலைக்கும் உரிய சொல் அது. ஜப்பானில், மனம் பிளந்த நோய் என்று பொருள்பட்ட பழைய பெயர், குடும்பத்தினர் அமைப்பின் வேண்டுகோளுக்குப் பின் 2002இல் கைவிடப்பட்டு, ஒருங்கிணைப்புக் குறைபாடு என்ற பொருளுடைய பெயர் ஏற்கப்பட்டது. தமிழில் இதற்கு இணையான விவாதம் வலுப்பெறவேண்டும்.

‘ட்ராமா’ என்பதன் பெயர்ப்பில் ஈழத்தமிழ் ஆளும் ‘மனவடு’ சிறந்தது. போர் ஈழத்தமிழர் மனத்தில் விளைவித்தவற்றை ஆராய்ந்து தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பும் வடுவையே சுட்டுகிறது. ‘அதிர்ச்சி’ நிகழ்ந்த கணத்தைக் குறிக்கும்; ‘வடு’ பின்விளைவைக் குறிக்கும். ஆயினும் வடுவிலும் ஒரு சிக்கல் உண்டு. அன்றாட வழக்கில் அது ஆறிய புண்ணின் அடையாளம். திருக்குறளின் 129ஆம் பாவிலோ, தீயால் வந்த புண் ஆற, நாவினால் வந்த வடு ஆறாமல் நிற்கிறது. இவ்விரு பொருளுள் எது மூலத்தில் உள்ளது என்பதைச் சூழல் கொண்டே துணிய வேண்டும்.

மீட்சிக்குத் தமிழின் சொந்த வினைகள் தெளிதலும் தேறுதலும். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் நீர் தெளிகிறது. சேறு எங்கும் போய்விடுவதில்லை, அடியில் படிகிறது. ‘ரெகவரி’ என்பதற்குக் ‘குணமடைதல்’ என்று எழுதும்போது இந்தப் படிவு விடுபடுகிறது. கடந்ததோடு சமாதானம் கொண்டவரின் நிலைக்குத் ‘தேறியவர்’ என்பதே நெருக்கமானது. தேறுதல், துயரில் ஆறுதல் பெறுவதையும் குறிப்பது கூடுதல் பொருத்தம்.

எனினும் நான்காம் வேற்றுமை வாக்கியத்தை எங்கும் பரிந்துரைப்பது பிழையாகும். நோயின்போது தன் குழந்தையைத் தனியே விட்டுச் சென்ற தாய் ஒருத்தி, பின்னாளில் அதைத் தன்வரலாறாக எழுதுகிறாள் எனக் கொள்வோம். ‘எனக்குப் பித்துப் பிடித்திருந்தது, குழந்தை தனியே நின்றது’ என்று அவள் எழுதலாம். ‘குழந்தையை விட்டுச் சென்றேன்’ என்றும் எழுதலாம். முன்னது நோயின்மேல் பொறுப்பை வைக்கிறது. பின்னது செயலைத் தனதென்று ஏற்கிறது. அவள் ‘சென்றேன்’ என்ற இடத்தில், பரிவு மிகுந்த மொழிபெயர்ப்பாளர் ‘நின்றது’ என்று மென்மைப்படுத்தினால், அவள் அரிதின் முயன்று எடுத்த முடிவை அவர் தாமே மாற்றி எழுதியவராகிறார்.