டிசம்பர் மாதத்து மனக்கணக்கு

நியூ இயர் ரெசல்யூஷன் என்றாலே 'பொங்கல் வரைகூடத் தாங்காது' என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் தம் குழுவினருடன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புத்தாண்டில் உறுதி எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் அதைக் காப்பாற்றி வருவதாகச் சொன்னார்கள். மாற வேண்டுமென்ற ஆசை இருந்தும் உறுதி எடுக்காதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதம்தான். இரண்டுமே அவரவர் வாயால் சொன்ன கணக்கு. ஆனாலும் இந்த இடைவெளி தள்ளிவிடக்கூடியதன்று.

நாளுக்கும் ஒரு வலு இருக்கிறது. வாரம், மாதம், ஆண்டு பிறக்கும்போது உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவோர் கூடுவதை ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2014இல் காட்டினார்கள். பழைய தோல்விகளைப் பழைய ஆண்டோடு விட்டுவிட்டு மனம் மறுபடி முயலத் துணிகிறது.

புத்தாண்டு உறுதிக்குச் சமயத்திலும் வேர் உண்டு. மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லி இங்கிலாந்தில் 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை, மெதடிஸ்டுகளிடையே புத்தாண்டு வழிபாடாக நிலைத்தது. தமிழ்நாட்டுத் தேவாலயங்களிலும் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். கடந்த ஆண்டுக்கு நன்றி சொல்கிறார்கள், தவறுகளை அறிக்கையிடுகிறார்கள், புது ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனத்தைப் பெற்றுக்கொள்கிறார்கள். திரும்பிப் பார்க்க அங்கே நேரமும் இருக்கிறது, பக்கத்தில் மனிதர்களும் இருக்கிறார்கள். டைரியோடு தனியே உட்காருபவருக்கு இவை வாய்ப்பதில்லை. போன ஆண்டுக்கு நான்கு வரி எழுதிவிட்டு, வரும் ஆண்டுக்கு இரண்டு பக்கம் நிரப்புகிறார்.

இலக்கை எப்படி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். சுமார் ஆயிரம் பேரை ஓராண்டு தொடர்ந்து, 2020இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், 'இதைச் செய்வேன்' என்று எழுதியவர்கள் 'இதை விடுவேன்' என்றவர்களைவிடக் கூடுதலாக வென்றார்கள். எண்ணிக்கை இலக்குகளில் வேறொரு ஆபத்து உண்டு. ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் என்று முடிவெடுத்தவரின் கை நவம்பரில் மெலிந்த புத்தகத்தைத்தான் தேடும்.

இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். நான் பெரிதாக எண்ணும் குறை வேறு. ஆண்டில் நடந்த அத்தனைக்கும் தன் மன உறுதியே பொறுப்பு என்று ஒருவரை இந்த இலக்குப் பட்டியல் நம்பவைத்துவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் புத்தாண்டு. அப்படியொரு வீட்டில், தையல் கற்றுக்கொள்ள நினைத்திருந்த பெண்ணொருத்தி 2024 முழுக்கக் கடனை அடைத்து, பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கு அனுப்பி, வீட்டை நிமிர்த்தியிருந்தால் பட்டியலின்படி அவள் தோற்றவள். இது அநியாயம். அவள் செய்தவற்றில் ஒன்றுக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

பெஞ்சமின் பிராங்க்ளின் தன் வரலாற்றில் விவரிக்கும் முறை எனக்கு இன்னும் நியாயமாகத் தெரிகிறது. பதின்மூன்று நற்குணங்களைச் சிறு குறிப்பேட்டில் எழுதி, வாரத்துக்கு ஒன்றில் கவனம் வைத்தார். அன்றன்று தவறியவற்றுக்குக் கறுப்புப் புள்ளி. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. அழித்து அழித்துக் காகிதம் ஓட்டை விழவே, ஈரத்தால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார். டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. இந்த வாரம் தவறினால் அடுத்த சுற்று அருகிலேயே இருக்கிறது. 'ஒழுங்கு' மட்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. இளமையில் பழகாததையும் நல்ல நினைவாற்றல் இருந்ததால் அதன் தேவையை அவ்வளவாக உணராததையும் காரணமாக எழுதுகிறார். வருகிறவர்களை அவர்கள் வரும் நேரத்தில் சந்தித்தாக வேண்டிய, தன்னைப் போன்ற அச்சக முதலாளியால், நேரத்தை வகுத்தபடி நடத்த முடியாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இதை நான் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. தன் குணத்தால் வந்தது எது, தன் தொழிலால் வந்தது எது என்று பிரித்துப் பார்க்கிறார். நம் ஆண்டு இறுதிக் குறிப்புகளில் இந்தப் பிரிப்பு அரிதாகவே தென்படுகிறது. இலக்குகளில் பாதியை அடித்துவிட்டாவது அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்வேன்.