எட்டு நட்சத்திரங்களும் ஒரு செம்பு நிற மெஷினும்

1960களின் ஓமேகா கான்ஸ்டலேஷன் வாட்ச் ஒன்று கைக்கு வந்தால் நான் மணி பார்ப்பதில்லை. லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நேரே டயலுக்குள் இறங்கிவிடுவேன். பழைய வாட்ச் ஒரிஜினல்தானா என்று துருவிப் பார்ப்பதைப் போல மனதை அள்ளிக்கொள்ளும் வேலை வேறு இருக்கிறதா என்ன!

அண்மையில், எனக்குப் பழக்கமான வாட்ச் ரிப்பேர்காரரின் மேஜையில் 168.005 மாடல் ஒன்றை ஆசை தீரப் பார்த்தேன். ‘பை பேன்’ டயல். நடுவில் தட்டையாக இருந்து, விளிம்பில் பன்னிரண்டு பட்டைகளாகச் சரிந்து இறங்கும். விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் ஒவ்வொரு பட்டையும் தன் முறை வரும்போது ஒளிர்ந்து அணைகிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது. இந்தப் பட்டைகள்தான் முதல் சாட்சியும்கூட. டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் அவற்றின் கூர்மை மழுங்கியிருக்கும். அடுத்தது எழுத்துகள். தொழிற்சாலை அச்சு லூப்புக்குக் கீழே சற்று மேடாக, ஓரத்தில் பிசிறில்லாமல் நிற்கும். பின்னால் அடித்ததில் மை பரவியிருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு ஒட்டாமல் விலகி நிற்கும். ஆறு மணிக்கு மேலே இருக்கும் நட்சத்திரம் அச்சல்ல, பதித்த உலோகத் துண்டு. கண்ணாடி பிளாஸ்டிக்தான், அதன் நட்டநடுவே கண்ணுக்கே தெரியாத அளவில் ஓமேகா சின்னம். அதைக் கண்டுபிடித்த நொடியில் நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன்!

நம் சந்தையில் புதுசுபோல் மின்னும் டயலுக்குத்தான் கிராக்கி. எனக்கோ, வருடங்களின் வெயில் குடித்து லேசாகப் பழுப்பேறிய டயல்தான் வேண்டும். அந்த நிறத்தைக் காலம் மட்டுமே தர முடியும்.

திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் ஜெனீவா வானியல் ஆய்வகம், குவிமாடத்துக்கு மேலே எட்டு நட்சத்திரங்கள். நேரத் துல்லியப் போட்டிகளில் ஓமேகா பெற்ற வெற்றிகளின் நினைவு அவை. நட்சத்திரங்களை எண்ணிவிட்டு, குவிமாடத்தின் கோடுகள் பாலிஷில் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். தேயவில்லை.

பிறகு ரிப்பேர்காரர் மூடியைத் திறந்தார். அடடா! விளக்கி வைத்த செப்புக் குடம்போல ஜொலித்தது 561 மெஷின். 24 ஜுவல், மணிக்கு 19,800 துடிப்பு, ஐந்து நிலைகளிலும் வெப்பநிலைக்கும் சரிபார்த்ததாகப் பொறிப்பு. கைக்கடிகாரத்துக்குள் இப்படி ஓர் அழகை ஒளித்துவைக்க எப்படித்தான் மனம் வந்ததோ! மெஷினில் 19 என்று தொடங்கும் எட்டு இலக்க எண். ஏறக்குறைய 1962ஆம் ஆண்டு. மூடியின் உட்புறத்தில் 168.005. டயல், கேஸ், மெஷின் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்கின்றன. இந்தப் பொருத்தத்துக்காகத்தான் நான் இவ்வளவு தவிக்கிறேன். முழுப் போலியைப் பிடிப்பது சுலபம். அசல் கேஸுக்குள் ஓமேகாவின் இன்னொரு மாடலான சீமாஸ்டரின் 562 மெஷினை வைத்து விற்பதைப் பிடிக்கத்தான் கண்ணும் பொறுமையும் வேண்டும். 562ம் ஓமேகாதான், அருமையான மெஷின்தான். ஆனால் நேரத் துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்று பெற்றதல்ல, கான்ஸ்டலேஷனுக்கு உரியதும் அல்ல.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1957 மாடல் ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஓமேகாவே. 2023இல் அந்த நிறுவனமே சொன்னது: பெரும்பாலும் அசல் பாகங்களைச் சேர்த்துக் கோத்த வாட்ச் அது! அதைப் படித்த பிறகு, ‘மூடியைத் திறக்க மாட்டேன்’ என்கிற வியாபாரியிடம் நான் விலைகூடக் கேட்பதில்லை.

இப்போது மனசெல்லாம் 1952இல் வந்த முதல் கான்ஸ்டலேஷன் மேல்தான். அதில் இருப்பது ‘பம்பர்’ மெஷின். கையசைவில் தானாகச் சாவி ஏற்றும் எடைத்தகடு அதில் முழு வட்டம் சுற்றாது. இருபுறமும் ஸ்பிரிங்கில் முட்டி முட்டித் திரும்பும், அந்த இடி மணிக்கட்டில் தெரியும். ரிப்பேர்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: அப்படி ஒன்று வந்தால் ராத்திரி என்றாலும் போன் செய்யுங்கள், லூப்போடு ஓடி வருகிறேன்!