மதிப்பீட்டுப் பயிற்சியின் மதிப்பீடு

அரசு அலுவலருக்கு மதிப்பீட்டுப் பயிற்சி தருகிறோம். அந்தப் பயிற்சியை எதைக் கொண்டு அளப்பது? நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: பயிற்சி முடித்துத் திரும்பியவர், தன் துறையே நடத்திய ஒரு திட்டத்தைப் பற்றி "இது பலன் தரவில்லை" என்று ஆதாரத்தோடு எழுதுகிறாரா? கடுமையான அளவுகோல்தான். ஆனால் 1952 அக்டோபரில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே அதை மதிப்பிடத் தனி அமைப்பையும் தொடங்கிய நாடு இது. எழுபதுகளிலேயே மதிப்பீடு மற்றும் பயன்பாட்டு ஆராய்ச்சிக்கென ஒரு துறையை உருவாக்கிய மாநிலம் இது. இதைவிட இளகிய அளவுகோல் இரண்டுக்கும் மரியாதை சேர்க்காது.

சோதித்துப் பார்க்கப் புதுக்கோட்டை நல்ல களம். குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமான கீரனூரில் வேலை பார்க்கும் ஓர் அலுவலர், பாடத்துக்காக வெளியூர் போக வேண்டியதில்லை. நாடே கவனித்த இரண்டு திட்டங்கள் அவருடைய மாவட்டத்திலேயே நடந்து, மதிப்பிடவும் பட்டிருக்கின்றன.

முதலாவது, 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அது நடந்த ஆறு மாவட்டங்களில் புதுக்கோட்டையும் ஒன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு தந்தார்கள். மதிப்பீட்டையும் திட்டத்தோடு சேர்த்தே வகுத்து, அந்தப் பொறுப்பை மாநில அரசின் மதிப்பீட்டுத் துறையிடமே விட்டார்கள். முறையியலில் இது அன்றைக்கு அரிய சாதனை. சிக்கல் 1982 ஜூலையில் வந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு எல்லா ஊரிலும் சோறு போட்டது. திட்டம் நடந்த ஒன்றியத்தையும் நடக்காத ஒன்றியத்தையும் ஒப்பிட வைத்திருந்த கோடு அதில் மங்கிவிட்டது. இளங்குழந்தைகளிடையே கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது என்றார்கள். குறைந்தது உண்மையாகவே இருக்கட்டும், எதனால் குறைந்தது? இந்தக் கேள்வியை எழுப்பத் தெரிந்தவரே மதிப்பீட்டாளர். மாதிரியெடுப்புச் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அறிவொளி எழுத்தறிவு இயக்கம். 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுந்த அந்த இயக்கத்தைப் பற்றித் தமிழ் வாசகருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மதிப்பீட்டுக்கு அது தரும் பாடம் இன்னும் தீரவில்லை. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அளவை தெளிவானது. நிமிடத்துக்கு 30 சொல் வாசிக்க வேண்டும் என்பதுபோலத் திட்டவட்டமானது. யாரும் எங்கும் சரிபார்க்கலாம், அது அதன் பெருமை. ஆனால் புதுக்கோட்டையில் விளைந்த பெரிய மாற்றம் அந்தப் படிவத்துக்கு வெளியே நடந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பால் கொண்டுபோனார்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டார்கள், யாரையும் கேட்காமல் பக்கத்து ஊர் போய்வந்தார்கள். பி. சாய்நாத் எழுதிப் பாடப்புத்தகம் வரை போய்ச் சேர்ந்தது அந்தச் சைக்கிள்தான், வாசிப்பு வேகமல்ல. படிவத்தை மட்டும் நம்பிய அலுவலர் அதைத் தவறவிட்டிருப்பார். எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. சைக்கிளின் கவர்ச்சியில், கற்ற எழுத்து சில ஆண்டு கழித்தும் நின்றதா என்ற வறண்ட கேள்வியைப் பலர் விட்டுவிட்டார்கள். நாடு முழுவதும் நடந்த எழுத்தறிவு இயக்கங்களை ஆராய 1994இல் அமைந்த அருண் கோஷ் குழு, முழு எழுத்தறிவு அறிவிப்புகளை அப்படியே ஏற்கவில்லை. படிவத்தைத் தாண்டிப் பார்க்கவும் வேண்டும், நல்ல கதையில் மயங்காமல் இருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருவருக்குள் வளர்க்கும் பயிற்சியை நம்மிடம் நான் காணவில்லை.

நெருங்கி வருவது சமூகத் தணிக்கை. நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் பிறந்தது. பயிற்சி பெறுவோர் பெரும்பாலும் கிராமத்தவர். என்.எம்.ஆர் என்னும் வருகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்கிறார்கள், எம்.புக் என்னும் அளவுப் புத்தகத்தில் உள்ள அளவை டேப் பிடித்துச் சரிபார்க்கிறார்கள், கண்டதைக் கிராம சபையில் வாசிக்கிறார்கள். வகுப்பில் கற்றதற்கு ஊரே தேர்வு வைக்கிறது. பயிற்சி முறையாக இதற்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் அதன் கேள்வி குறுகியது. வரத்துவாரியை எழுதியபடி வெட்டினார்களா என்று பார்க்கிறது. வெட்டிய பிறகு கண்மாயில் தண்ணீர் எத்தனை மாதம் நின்றது என்பது அதன் மையத்துக்கு வருவதில்லை. மானாவாரி ஊர்களுக்கு இரண்டாவதுதான் உயிர்க்கேள்வி.

2014இல் தமிழக அரசு ஜே-பால் ஆய்வு நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் மறுகோடி. அங்கே ஒப்பீடு முன்கூட்டியே வகுக்கப்படுகிறது, காரணம் பற்றிய கேள்விக்கு விடை கிடைக்கிறது. காரணத்தைத் தேடும் ஆய்வின் கூர்மைக்குச் சான்று வேண்டுமென்றால், பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பற்றி அபிஜித் சிங், கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலாளர்கள் செய்த ஆய்வைப் பார்க்கலாம். கொரோனாக் காலக் கற்றல் இழப்பிலிருந்து பிள்ளைகள் மீண்டதில் ஏறத்தாழ 24 விழுக்காடு அத்திட்டத்தின் பங்கு என்று அது பிரித்துக் காட்டியது. குறை என்னவென்றால், சிந்தனை பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. ஒன்றிய அலுவலர் விவரம் அனுப்புவதோடு நின்றுவிடுகிறார்.

ஆக, கருவி உண்டு, துறை உண்டு, நல்ல முன்மாதிரியும் உண்டு. தன் துறைக்கு எதிராகத் தீர்ப்பெழுதும் பழக்கம் மட்டும் பயிற்சியில் சேரவில்லை. என் மதிப்பீட்டில் நம் பயிற்சி கணக்கெடுப்பில் தேறியது, காரணம் காண்பதில் தடுமாறுகிறது, துணிவில் தோற்றது. பவானிசாகர் அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சிக்கு வரும் இளநிலை உதவியாளரிடம் விதித்தொகுப்புகளோடு சேர்த்துப் பழைய மதிப்பீட்டு அறிக்கை ஒன்றையும் தமிழில் கொடுங்கள். அதில் மூன்று பிழை கண்டுபிடித்து எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.