யாருக்குப் பதில் சொல்லும் தலைமை?

கனடாவில் புதிதாகக் குடியேறியோருக்கு உதவும் அமைப்புகளின் பணிப்பாளர்களுக்கு விருது கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மேடையில் வாசிக்கப்படும் பாராட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: பொறுப்பேற்றபோது நிதி இவ்வளவு, இன்று இவ்வளவு, கிளைகள் பெருகின, கணக்காய்வில் குறை ஏதுமில்லை. இவை நிர்வாகத் திறமைகள். தலைமைக்கு இவை போதும் என்று நம்பத் தொடங்கியதுதான் பிழை.

நிர்வாகத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ரொறன்ரோவில் ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். 1952இல் இத்தாலியருக்கென்று தொடங்கிய உதவிச் சங்கத்தில் வேர்கொண்ட கொஸ்ரி, இன்று எந்த நாட்டிலிருந்து வந்தவருக்கும் ஆங்கில வகுப்பும் வேலை தேட வழியும் காட்டுகிறது. பணிப்பாளர்களில் பலர் தாங்களே பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். இவர்கள் இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கே ஒரு குடும்பம் நாலு இடம் அலைய வேண்டும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்காபரோவில் இத்தகைய ஓர் அலுவலகத்துக்குள் நுழைபவரிடம் முதலில் கேட்கப்படுவது அவருக்கு என்ன தேவை என்பதல்ல, பி.ஆர். கார்ட் (நிரந்தர வதிவிட அட்டை) இருக்கிறதா என்பது. கார்டில் உள்ள இலக்கத்தை ஊழியர் மத்திய அரசின் 'ஐகேர்' கணினி முறையில் பதிய வேண்டும். பதிந்தால்தான் அந்த உதவி கணக்கில் ஏறும். கணக்கில் ஏறினால்தான் அடுத்த ஒப்பந்தம். மத்திய அரசின் குடியமர்வு நிதி நிரந்தர வதிவிடம் பெற்றோருக்கும், அகதியென ஏற்கப்பட்டோருக்கும் உரியது. கோரிக்கை இன்னும் விசாரிக்கப்படாத அகதிக்கும், தற்காலிகத் தொழிலாளிக்கும், வெளிநாட்டு மாணவருக்கும் அதில் பங்கில்லை. தமிழருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழரும் இன்று வந்திருந்தால், கோரிக்கை ஏற்கப்படும்வரை இந்த நிதியின் கண்ணில் அவர்கள் ஆட்களே அல்ல.

விதியை எழுதியது ஒட்டாவா. ஆனால் அந்த விதியால் என்ன நடக்கிறது என்பதை நாள்தோறும் கண்ணால் காண்பவர்கள் இந்த அமைப்புகளின் தலைவர்கள். கண்டதை ஊர் அறியச் சொல்வது அவர்களது வேலையின் பாதி. அந்தப் பாதி நடப்பதில்லை.

2012இல் அகதிகளுக்கான மருத்துவக் காப்பீட்டை மத்திய அரசு வெட்டியபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பாதிக்கப்பட்டார்கள். மே மாதம் ரொறன்ரோவில் அமைச்சர் ஜோ ஒலிவரின் தொகுதி அலுவலகத்துக்குள் புகுந்து அமர்ந்தவர்கள் வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர்கள். நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அந்த மருத்துவர்களின் அமைப்பும், அகதிச் சட்டத்தரணிகளும், சிறாருக்கான சட்ட உதவி மையம் ஒன்றும், பாதிக்கப்பட்ட இருவரும். 2014 ஜூலையில் சமஷ்டி நீதிமன்றம் அந்த வெட்டு அரசியலமைப்புக்கு முரணானது, கொடுமையானது என்றது. வழக்குத் தொடுத்தவர்களின் பட்டியலில் குடியமர்வு அமைப்பு ஒன்றுகூட இல்லை.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் தெரிந்ததுதான்: பேசினால் நிதி போகும். பயம் பொய்யல்ல. 2009இல் கனடிய அரபுச் சம்மேளனத்தின் தலைவர் குடிவரவு அமைச்சர் ஜேசன் கெனியைக் கடுஞ்சொல்லால் சாடினார். சம்மேளனம் நடத்திய ஆங்கில வகுப்புகளுக்கான ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. நீதிமன்றமும் அமைச்சரின் பக்கமே நின்றது. அந்தச் செய்தி எல்லா இயக்குநர் சபைகளுக்கும் எட்டியிருக்கும்.

அதே கதையின் அடுத்த பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. 2010 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கிய நாட்களில், மத்திய அரசு குடியமர்வு நிதியில் 53 மில்லியன் டொலரை வெட்டியது. பெருவெட்டு விழுந்தது ஒன்ராறியோவுக்கு. ரொறன்ரோவில் தெற்காசியப் பெண்கள் நிலையம் மத்திய நிதியை முற்றாக இழந்தது. அமைச்சரைத் திட்டாத அமைப்புகளுக்கும் அதே கதிதான். 2024 அக்டோபரில் ஒட்டாவா அடுத்த ஆண்டின் குடிவரவு இலக்கை 5,00,000இலிருந்து 3,95,000 ஆக இறக்கியது. நிதியும் பின்னாலேயே சுருங்கியது, மொழி வகுப்புகள் மூடப்பட்டன. வாய் மூடியிருந்தது யாரையும் காப்பாற்றவில்லை. பதினைந்து ஆண்டுகளாக இந்த அமைதிக்குக் கொடுத்த விலைக்கு ஈடாகக் கிடைத்தது எதுவுமில்லை.

சட்டத்தைக் காட்டித் தப்பவும் இப்போது வழியில்லை. இந்த அமைப்புகள் போன்ற அறக்கொடை நிறுவனங்கள் தங்கள் வளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அரசியல் நடவடிக்கைக்குச் செலவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு ஒரு காலம் இருந்தது. 2012இல் அதைக் கண்காணிக்க வருமான வரித் திணைக்களத்துக்குத் தனிநிதியே ஒதுக்கினார்கள். 2018இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டமும் மாறியது. கட்சி அரசியல் தவிர, தங்கள் நோக்கத்துக்குரிய கொள்கைகளைப் பற்றி அவர்கள் எவ்வளவும் பேசலாம்.

ஒன்ராறியோவில் 1978 முதல் இயங்கும் ஒகாசி என்ற கூட்டமைப்பு பேசுகிறதே என்பார்கள். பேசுகிறது, துணிவாகவே பேசுகிறது. அதன் பின்னால் ஒதுங்கி நிற்பது ஒரு பெரிய அமைப்பின் தலைவருக்கு அழகல்ல. 2023 கோடையில் ரொறன்ரோ பீற்றர் வீதி 129ஆம் இலக்கக் கட்டடத்தின் வெளியே, ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிக் கோரிக்கையாளர்கள் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களைத் தங்கவைக்கும் செலவு யாருடையது என்று நகரமும் மத்திய அரசும் இழுபறிப்பட்டன. மழையில் நனைந்தவர்களைப் பேருந்தில் ஏற்றித் தங்கள் கூடங்களில் படுக்க வைத்தவை கறுப்பினத்தவரின் தேவாலயங்கள். கோடிக்கணக்கில் நிதி கையாளும் அமைப்புகள் இத்தனை உள்ள நகரத்தில், முதலில் கதவைத் திறந்தது ஒரு சபைப் போதகர். இதைவிடக் கடுமையான தீர்ப்பு அந்தத் தலைமைக்கு வேண்டாம்.

வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதற்கு இதே நகரத்தில் சாட்சி உண்டு. எல் சல்வடோரிலிருந்து அகதிகளாக வந்த பிரான்சிஸ்கோ ரிகோ மார்ட்டினெஸ், லோலி ரிகோ தம்பதி, கன்னியர் சபையொன்றோடு சேர்ந்து 1991இல் தொடங்கிய எஃப்.சி.ஜே. அகதி நிலையம், வருபவரிடம் எந்த அட்டை இருக்கிறது என்று பார்த்து வாசலில் நிறுத்துவதில்லை. அமெரிக்க எல்லையில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தத்தை அவர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். நிலையம் மூடப்படவில்லை.

பணிப்பாளர் மாறினால் மட்டும் இது மாறாது. அவரை நியமிக்கும் சபை மாற வேண்டும். வங்கியாளரும் சட்டத்தரணியும் கணக்காளரும் இருக்கும் அந்த மேசையில், ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே அமைப்பின் வாசலில் வரிசையில் நின்ற ஒருவருக்கு நாற்காலி இருக்க வேண்டும், வாக்கும் இருக்க வேண்டும். கார்ட் இல்லாதவருக்கென அரசு சாராத நிதியில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். அது எவ்வளவு என்பது ஆண்டறிக்கையில் அச்சாக வேண்டும். பல அமைப்புகளில் அப்பகுதியில் வசிப்பவர் எவரும் உறுப்பினராகலாம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழர்களே, உறுப்பினராகி, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய், நிதி அறிக்கை வாசித்து முடிந்ததும் எழுந்து கேளுங்கள்: கடந்த ஆண்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள், அதைப் பற்றி அமைச்சருக்கு என்ன எழுதினீர்கள்?